மார்சேய் துறைமுகம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிரான்சின் தெற்கே, மத்தியதரைக் கடலோரம் இருக்கும் மார்சேய் பற்றி நண்பர்களும் உறவினர்களும் கேட்கிற கேள்விகளை இங்கே சேர்த்துப் போட்டிருக்கிறேன். வரலாறு, சாப்பாடு, கால்பந்து, திருட்டு பயம் எல்லாம் கலந்துதான் வரும், வேண்டியதை மட்டும் படித்துவிட்டுப் போகலாம். இந்த ஊரில் எந்தக் கதையைத் தொட்டாலும் அது ஏதாவது ஒரு கப்பலில் போய் முட்டும், அதில் பாதி சரக்குக்காரர்களின் லாபக் கணக்காகவும் இருக்கும். அதை மட்டும் மனதில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் சுலபமாகப் புரியும்.

பாரிஸ் மாதிரி இருக்குமா?

இருக்காது. பாரிஸிலிருந்து அதிவேக ரயிலில் மூன்று மணி நேரம் சொச்சம்தான், ஆனால் இறங்கினால் வேறு நாடு. சுமார் 8.7 லட்சம் பேர் வாழும், நாட்டின் இரண்டாவது பெரிய நகரம் இது. சுவரெல்லாம் கிறுக்கல், குப்பைக்காரர்கள் வேலைநிறுத்தம் செய்தால் தெருவில் மலை மலையாய்க் குப்பை, பேச்செல்லாம் உரத்த குரலில். புகைப்படத்தில் பார்த்த பிரான்ஸைத் தேடிப் போகிறவர்கள் முதல் நாள் முகம் சுளிப்பார்கள். பலருக்கு மூன்றாம் நாள் பிடித்துவிடும், சிலருக்குப் பிடிக்காமலே போகும். இரண்டிலும் தப்பில்லை.

2600 வயது என்கிறார்களே, உண்மையா?

உண்மைதான். கி.மு. 600 வாக்கில், இன்றைய துருக்கியில் இஸ்மீருக்குப் பக்கத்தில் இருக்கும் போக்கேயா என்ற ஊரிலிருந்து கிரேக்கர்கள் கப்பலில் வந்து இறங்கி மசாலியா என்று ஓர் ஊரைக் கட்டினார்கள். பிரான்சின் மிகப் பழைய நகரம் இதுதான். இதற்கு ஒரு சுயம்வரக் கதையும் உண்டு: உள்ளூர்த் தலைவன் நான்னுஸ் என்பவனின் மகள் கிப்டிஸ், அன்றைய விருந்தில் தனக்குப் பிடித்தவனிடம் கிண்ணத்தை நீட்ட வேண்டும். சுற்றிலும் உள்ளூர் மாப்பிள்ளைகள் காத்திருக்க, அன்றுதான் கரையிறங்கிய புரோட்டிஸ் என்ற கிரேக்கனிடம் நீட்டிவிட்டாள். சீதனமாக வந்த நிலத்தில் ஊர் எழுந்தது. கதைதான், ஆனால் வெளியூரிலிருந்து வந்தவனுக்குப் பெண் கொடுத்து ஆரம்பித்த ஊர் என்று மார்சேய்க்காரர்கள் இன்றைக்கும் இதைப் பெருமையாகச் சொல்வார்கள்.

கி.மு. 4-ஆம் நூற்றாண்டில் இங்கிருந்து கிளம்பிய பித்தேயாஸ் என்ற மாலுமி பிரிட்டன் வரை போய், அதற்கும் வடக்கே போய், கடல் ஏற்றவற்றத்துக்கும் நிலவுக்கும் தொடர்பு இருக்கிறது என்று எழுதி வைத்தான். அப்புறம் கி.மு. 49-ல் ரோமத் தளபதிகள் சீசருக்கும் பாம்பேயிக்கும் நடந்த சண்டையில் ஊர் தோற்கிற பக்கம் நின்றது. சீசர் முற்றுகையிட்டுப் பிடித்தான், கடல் வல்லமை அத்தோடு சரிந்தது.

பழைய துறைமுகம் ஊருக்கு நடுவில் இருக்கிறதே, எப்படி?

ஊர்தான் அதைச் சுற்றி வளர்ந்தது. இரண்டு பக்கமும் மேடு, நடுவே செவ்வகமாக உள்ளே நுழைந்த கடல், வாய் குறுகல். காற்றுக்கும் எதிரிக்கும் இதைவிட நல்ல மறைவு கிடைக்காது. 1967-ல் வணிக வளாகம் கட்டப் பள்ளம் தோண்டியபோது கிரேக்கக் கோட்டைச் சுவரும் ரோமர் காலத் துறைமுகத்தின் ஒரு மூலையும் வெளியே வந்தன. கடைகளும் வேண்டும், கல்லும் வேண்டும் என்று பெரிய சண்டை நடந்து, கடைசியில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றன. வளாகத்தை ஒட்டியே ஊர் வரலாற்று அருங்காட்சியகம். அங்கே கி.மு. 6-ஆம் நூற்றாண்டுப் படகின் எலும்புக்கூட்டைக் கட்டாயம் பாருங்கள். ஆணி கிடையாது, சோழமண்டலக் கரையின் மசூலாப் படகு போலப் பலகைகளைக் கயிற்றால் தைத்திருக்கிறார்கள். பலகை ஓரத்தில் வரிசையாகத் தையல் துளைகள் தெரியும்.

துறைமுக வாயில் இருக்கும் கோட்டை ஊரைக் காக்கவா?

இல்லை, ஊரை மிரட்ட. மார்சேய் அடிக்கடி அரசனை மதிக்காமல் தன் இஷ்டத்துக்கு நடந்ததால், 14-ஆம் லூயி 1660-ல் படையோடு வந்து, வாசல் வழியாக நுழையாமல் மதிலை இடித்து அந்த உடைப்பு வழியாக உள்ளே வந்தான். அப்புறம் எழுந்ததுதான் சென் நிக்கோலா கோட்டை, பீரங்கிகள் ஊரைப் பார்த்தே நின்றன. புரட்சி வந்ததும் 1790-ல் மக்கள் முதல் வேலையாக அதைக் கடப்பாறையால் இடிக்கத் தொடங்கினார்கள். அதே லூயிதான் 1669-ல் மார்சேயைத் தீர்வையில்லாத் துறைமுகம் ஆக்கிக் காசு கொழிக்கவும் வைத்தான் என்பதையும் சொல்ல வேண்டும்.

1720 பிளேக் எப்படி வந்தது?

இதை நிதானமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இந்த ஊரின் குணம் முழுக்க இதில் இருக்கிறது.

கிராண்ட் சென் அந்துவான் என்ற கப்பல், சிரியா, லெபனான் கரைகளில் பட்டும் பருத்தித் துணியும் ஏற்றிக்கொண்டு 1720 மே 25-ல் வந்து சேர்ந்தது. வழியிலேயே ஆட்கள் செத்தார்கள், கப்பல் மருத்துவரும் செத்தார். இத்தாலியின் லிவோர்னோ துறைமுகம் உள்ளே விடவில்லை. மார்சேயில் இதற்கென்று கடுமையான சட்டம் இருந்தது: சந்தேகம் என்றால் கப்பல் ழார் தீவில் ஒதுங்க வேண்டும், சரக்கு வெயிலிலும் காற்றிலும் வாரக்கணக்கில் கிடக்க வேண்டும். அந்த முறை ஐரோப்பாவுக்கே முன்மாதிரி என்று பேசப்பட்டது.

ஆனால் சரக்கில் பங்கு வைத்திருந்தவர்களில் ஊரின் முதல் நிர்வாகி எஸ்தேலும் ஒருவர். ஜூலையில் போக்கேர் சந்தை கூடும், அங்கே அந்தத் துணி விற்றாக வேண்டும். யார் யாரிடம் என்ன பேசினார்கள் என்பதில் இன்னும் வாக்குவாதம் உண்டு, நடந்தது மட்டும் தெளிவு. கப்பல் உடனே ழார் தீவுக்குப் போகவில்லை, விலை உயர்ந்த சரக்கு ஊரை ஒட்டிய தனிமைக் கொட்டிலில் இறங்கியது, அங்கிருந்து துணி கள்ளத்தனமாகக் கைமாறியது, ஜூன் 20 வாக்கில் ஒரு குறுகிய தெருவில் முதல் சாவு. அப்போதும் இது பிளேக் இல்லை, வெறும் காய்ச்சல் என்று சாதித்தார்கள். பிளேக் என்று சொன்னால் துறைமுகத்தை மூட வேண்டுமே.

சுமார் ஒரு லட்சம் பேர் இருந்த ஊரில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாகச் செத்தார்கள். வாரக்கணக்கில் வெயிலில் அழுகிக் கிடந்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிணங்களை செப்டம்பரில் செவாலியே ரோஸ் என்பவர் தண்டனைக் கைதிகளையும் சிப்பாய்களையும் வைத்து அரை மணி நேரத்தில் பழைய கோட்டைக் குழிகளுக்குள் தள்ளி மூடினார். அந்தக் கைதிகளில் தப்பியவர்கள் மிகச் சிலர். கப்பல் தலைவர் ஷாத்தோ இஃப் தீவுக் கோட்டைச் சிறையில் சில ஆண்டுகள் கிடந்தார். எஸ்தேல்? அவருக்குப் பிரபுப் பட்டம் கிடைத்தது. இதற்கு மேல் நான் என்ன சொல்ல.

எரிக்கப்பட்ட அந்தக் கப்பலின் மிச்சத்தை முக்குளிப்பாளர்கள் 1978-ல் கடலடியில் கண்டுபிடித்தார்கள். நங்கூரம் மேலே சொன்ன அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

"மத்தி மீன் துறைமுகத்தை அடைத்தது" என்று கேலி செய்கிறார்களே?

மார்சேய்க்காரன் எதையும் ஊதிப் பெரிதாக்குவான் என்பதற்கு மற்ற பிரெஞ்சுக்காரர்கள் சொல்லும் உதாரணம் இது. ஒரே ஒரு சார்தீன், அதாவது மத்தி மீன், துறைமுக வாயையே அடைத்துவிட்டதாம்! ஆனால் உண்மையாகவே அடைத்தது, மீன் இல்லை, சார்த்தீன் என்ற போர்க்கப்பல். மந்திரி ஒருவரின் பெயரை வைத்தது.

நமக்கு இதில் ஒரு விசேஷம் இருக்கிறது. அந்தக் கப்பல் வந்தது பாண்டிச்சேரியிலிருந்து. 1778-ல் ஆங்கிலேயர் பாண்டிச்சேரியை வளைத்தபோது நடந்த கடல் சண்டையில் இருந்த கப்பல்களில் ஒன்று அது, அப்புறம் அவர்களிடமே பிடிபட்டது. ஊர் விழுந்தபின், கைதான பிரெஞ்சுக்காரர்களைச் சமாதானக் கொடியோடு திருப்பி அனுப்ப அதே கப்பலைப் பயன்படுத்தினார்கள். அதில் வந்த ஓர் இளம் அதிகாரி பரா, பின்னாளில் புரட்சி அரசை நடத்திய ஐவரில் ஒருவராகி, நெப்போலியனைத் தூக்கிவிட்டவர். போர்த்துகல் அருகே ஓர் ஆங்கிலேயக் கப்பல் கொடியைச் சரியாகப் புரிந்துகொள்ளாமல் சுட்டதில் சார்த்தீனின் தலைவர் செத்துப்போனார். தலைவர் இல்லாமல் தட்டுத்தடுமாறி 1780 மே மாதம் மார்சேய் வந்து, சரியாக வாயில் போய் மாட்டிக்கொண்டது. உள்ளே இருந்த கப்பல் வெளியே போக முடியவில்லை, வெளியே நின்றது உள்ளே வர முடியவில்லை. சோழமண்டலக் கரையிலிருந்து அவ்வளவு தூரம் வந்து வாசற்படியில் தடுக்கி விழுந்தால் ஊர் சிரிக்காமல் என்ன செய்யும்!

பிரான்சின் தேசிய கீதம் இங்கே எழுதப்பட்டதா?

இல்லை. 1792 ஏப்ரலில் ரூழே த லீல் என்ற ராணுவ அதிகாரி எழுதியது, இடம் ஸ்திராஸ்பூர். மார்சேயிலிருந்து பாரிஸுக்கு நடந்தே போன தொண்டர் படை வழியெல்லாம் பாடிக்கொண்டு போனதால் "மார்சேயேஸ்" என்று பெயர் ஒட்டிக்கொண்டது. இரண்டே வருடத்தில் அதே புரட்சி அரசு, எதிர்த்தார்கள் என்று கோபித்துக்கொண்டு, மார்சேய் என்ற பெயரையே பறித்து "பெயரில்லா ஊர்" என்று கொஞ்ச காலம் ஆவணத்தில் எழுதியது.

மார்சேய் சோப்புக்கும் நம் மணிலாக்கொட்டைக்கும் என்ன சம்பந்தம்?

நிறைய. 1688-ல் வந்த அரசாணை, மார்சேய் சோப்பை ஆலிவ் எண்ணெயில் மட்டும்தான் காய்ச்ச வேண்டும், வெயில் காலமான ஜூன், ஜூலை, ஆகஸ்ட்டில் காய்ச்சக் கூடாது என்றெல்லாம் கட்டுப்பாடு போட்டது. 19-ஆம் நூற்றாண்டில் தொழிற்சாலைகள் பெருகியபோது ஆலிவ் எண்ணெய் கட்டுபடியாகவில்லை. காலனிகளிலிருந்து கொப்பரைத் தேங்காய், எள், பனை எண்ணெய், நிலக்கடலை (அதுதான் மணிலாக்கொட்டை) என்று மூட்டை மூட்டையாக வரவழைத்து ஊரிலேயே ஆட்டினார்கள். முதலில் செனகல் கடலை, அப்புறம் 1880-களிலிருந்து தென்னார்க்காட்டுக் கடலை. விழுப்புரம், பண்ருட்டிப் பக்கம் மானாவாரி நிலத்தில் விளைந்த மல்லாட்டை, பிரிட்டிஷ் எல்லையைத் தாண்டிப் பாண்டிச்சேரிக்கு வந்து மார்சேய்க்குக் கப்பலேறியது. பாண்டிச்சேரி ஏற்றுமதியில் அப்போது முதலிடம் இதற்குத்தான். மார்சேயில் விலை இறங்கினால் தென்னார்க்காட்டு விவசாயி தலையில் துண்டு விழும், ஏன் இறங்கியது என்று அவருக்குத் தெரியாது.

முதல் உலகப் போர் தொடங்கியபோது அந்த வியாபாரம் ஒரே அடியில் படுத்தது. பின்னால் எழுந்தாலும் பழைய மவுசு வரவில்லை.

இன்றைக்கு ஒரு எச்சரிக்கை. சதுரக் கட்டியில் 72 சதவீதம் என்று முத்திரை இருந்தால் எண்ணெய்க் கொழுப்பின் அளவு அது, ஆனால் "மார்சேய் சோப்பு" என்ற பெயரை யார் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம், சட்டப் பாதுகாப்பு கிடையாது. பழைய முறையில் பெரிய அண்டாவில் பத்து நாள் போலக் காய்ச்சுகிறவர்கள் விரல் விட்டு எண்ணக்கூடியவர்கள்தான். பின்பக்கச் சீட்டில் சேர்மானத்தைப் படியுங்கள், வாசனைத் திரவியமும் சாயமும் இருந்தால் அது வெறும் நினைவுப் பொருள். பச்சை என்றால் ஆலிவ், வெள்ளை என்றால் பனை, தேங்காய் எண்ணெய்கள்.

சாவர்க்கர் கடலில் குதித்தது இங்கேதானா?

ஆமாம். 1910 ஜூலை 8. லண்டனில் கைதாகி மொரியா என்ற கப்பலில் இந்தியாவுக்குக் கொண்டுபோகும் வழியில், கப்பல் மார்சேயில் நின்றபோது கழிப்பறையின் வட்டச் சாளரம் வழியாக நழுவிக் கடலில் விழுந்து கரை ஏறினார். பிரெஞ்சு மண்ணைத் தொட்டாயிற்று, இனி ஆங்கிலேயன் கை வைக்க முடியாது என்பது கணக்கு. பிரெஞ்சுக் காவலருக்கு அந்தக் கணக்கு தெரியவில்லை, பிடித்துக் கப்பலிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டார். காமா அம்மையாரும் நம் வ.வே.சு. ஐயரும் வண்டியோடு காத்திருக்க வேண்டியவர்கள், கொஞ்சம் தாமதமாகிவிட்டது என்று சொல்வார்கள். வழக்கு ஹேக் நடுவர் மன்றம் வரை போய், 1911 பிப்ரவரியில், கைமாற்றியதில் முறைகேடு நடந்திருந்தாலும் திருப்பித் தரத் தேவையில்லை என்று தீர்ப்பு வந்தது. ஐயர் அந்த 1910-லேயே மாறுவேடத்தில் பாண்டிச்சேரி வந்து சேர்ந்தார்.

சாவர்க்கரின் அரசியல் பற்றி அவரவர் கருத்து அவரவருக்கு. துறைமுகக் கதையாக மட்டும் பார்த்தால், புதிய துறைமுகமான ழோலியேத் பக்கம் போய் நின்று அந்தத் தண்ணீரைப் பார்த்தால் தூரம் ஒன்றுமே இல்லை என்று தெரியும்.

பழைய துறைமுகத்தின் ஒரு கரை மட்டும் புதுக் கட்டடமாக இருப்பது ஏன்?

1943 ஜனவரியில் ஜெர்மானியப் படை, பிரெஞ்சுப் போலீசின் முழு ஒத்துழைப்போடு, வடகரையில் இருந்த சென் ழான் பகுதியைச் சுற்றி வளைத்தது. மாலுமிகள், மீனவர்கள், இத்தாலியர்கள், யூதர்கள், ஒளிந்திருந்த போராளிகள் எல்லாரும் நெருக்கியடித்து வாழ்ந்த சந்துகள் அவை. 20,000 பேருக்கு மேல் வெளியேற்றப்பட்டார்கள், 1,600 பேருக்கு மேல் நாடு கடத்தப்பட்டார்கள். பிப்ரவரியில் சுமார் 1,500 கட்டடங்களை வெடி வைத்துத் தகர்த்தார்கள். நகர மண்டபமும் வேறு சில பழைய வீடுகளும்தான் தப்பின. அந்த இடிபாட்டுக்கு அடியில் ரோமர் காலப் பண்டகசாலை கிடைத்து, அதுவும் இன்று ஓர் அருங்காட்சியகம். மேலே நிற்கும் தேன் நிறக் கல் அடுக்குமாடிகள் போருக்குப் பின் புயோன் என்ற கட்டடக் கலைஞர் கட்டியவை. நன்றாகத்தான் இருக்கின்றன. கீழே என்ன இருந்தது என்று தெரிந்தால் பார்வை மாறும், அவ்வளவுதான்.

அங்கே யார் வாழ்கிறார்கள்?

கப்பல் யாரை இறக்கியதோ அவர்கள். 19-ஆம் நூற்றாண்டில் இத்தாலியர்கள், இனப்படுகொலையிலிருந்து தப்பிய ஆர்மீனியர்கள், கோர்சிகா தீவினர், 1962-ல் அல்ஜீரியா விடுதலையானதும் பெட்டியோடு வந்திறங்கிய பிரெஞ்சுக் குடியேறிகள், அதற்கு முன்னும் பின்னும் கட்டட வேலைக்கு வந்த அல்ஜீரியர்கள், துனிசியர்கள், அப்புறம் கொமோரோ தீவினர். யாரைக் கேட்டாலும் தாத்தா வேறு எங்கிருந்தோ வந்திருப்பார், ஆனால் பேரன் முதலில் மார்சேய்க்காரன், அப்புறம்தான் மற்றதெல்லாம்.

துறைமுகம் இன்னும் ஓடுகிறதா, இல்லை சுற்றுலாவுக்கு மட்டுமா?

ஓடுகிறது, ஆனால் இடம் மாறிவிட்டது. பழைய துறைமுகத்தில் இப்போது பாய்மரப் படகுகளும் உல்லாசப் படகுகளும்தான். 1850-களில் ழோலியேத்துக்கு நகர்ந்தது, 1869-ல் சூயஸ் திறந்ததும் சைகோனுக்கும் கொழும்புக்கும் இங்கிருந்தே கப்பல். 1960-களில் எண்ணெயும் கனரக சரக்கும் மேற்கே 50 கிலோமீட்டருக்கு மேல் தள்ளி ஃபோஸ் பக்கம் போயின. மொத்தமாக ஆண்டுக்கு 7 கோடி டன் அளவில் சரக்கு. ழோலியேத்தில் கோர்சிகா, அல்ஜியர்ஸ், துனிஸ் போகும் பயணக் கப்பல்கள். ஜூலையில் போனால் ஒரு காட்சி காணலாம்: கார் கூரையில் சைக்கிள், மெத்தை, துணி துவைக்கும் எந்திரம் என்று கார் உயரத்துக்கே கட்டி ஏற்றி, குடும்பம் குடும்பமாக அல்ஜீரியாக் கப்பலுக்கு வரிசையில் நிற்பார்கள். கயிறு கட்டிய விதத்தைப் பார்த்தாலே எத்தனை வருட அனுபவம் என்று தெரியும்.

இன்னொரு சரக்கு கண்ணுக்குத் தெரியாது. கடலடி இணையக் கேபிள்கள் வந்து சேரும் பெரிய இடங்களில் மார்சேய் ஒன்று. சிங்கப்பூரிலிருந்து சென்னை, கொழும்பு, மும்பை வழியாகப் போகும் சீ-மீ-வீ 4 கேபிள் அங்கேதான் முடிகிறது. போரில் ஜெர்மானியர் நீர்மூழ்கிக் கப்பலுக்காகக் கட்டிப் பாதியில் விட்ட கான்கிரீட் கூடத்தில் இப்போது கணினி வழங்கிகள் ஓடுகின்றன. நீங்கள் சென்னையிலிருந்து ஐரோப்பாவில் இருப்பவரோடு காணொளியில் பேசும்போது அந்தக் குரல் இந்த ஊர் வழியாகப் போயிருக்க நல்ல வாய்ப்பு உண்டு.

காலையில் மீன் சந்தை இன்னும் நடக்கிறதா?

நடக்கிறது, சின்னதாக. பழைய துறைமுகத்தின் உள்கரையில், கட்டடக் கலைஞர் நார்மன் ஃபாஸ்டர் 2013-ல் வைத்த, முகம் பார்க்கும் கண்ணாடி போல் பளபளக்கும் பெரிய எஃகுக் கூரைக்குப் பக்கத்தில். நீல நிறத் தொட்டி மேசைகள், அதில் ஒரு விரல் ஆழத்துக்குக் கடல் தண்ணீர், மீன் இன்னும் வாயைத் திறந்து திறந்து மூடும். பிடித்து வருவது கணவனோ மகனோ, விற்பது பெரும்பாலும் பெண்கள். பேரம் பேசலாம், ஆனால் மீனை விரலால் குத்திப் பார்த்தால் திட்டு விழும். நண்பகலுக்குள் மேசையைக் கழுவிவிட்டுப் போய்விடுவார்கள், பத்து மணிக்கு முன் போவது நல்லது.

பூயாபேஸ் சாப்பிட வேண்டுமா?

விற்காமல் மிஞ்சிய முள் மீன்களை மீனவர்கள் கரையில் கடல் தண்ணீரில் கொதிக்க வைத்துச் சாப்பிட்டது இன்று ஆளுக்கு 60, 70 யூரோவுக்குக் குறையாத பண்டமாகிவிட்டது. 1980-ல் சில உணவகங்கள் சேர்ந்து, எந்தெந்த மீன் இருக்க வேண்டும், எப்படிப் பரிமாற வேண்டும் என்று ஓர் ஒப்பந்தமே எழுதின. குறைந்தது நான்கு வகை மீன் வேண்டும், அதில் ராஸ்காஸ் என்ற சிவந்த முள் மீன் கிட்டத்தட்ட கட்டாயம். முதலில் குங்குமப்பூ போட்ட சூப்பு, பூண்டு தேய்த்த வறுத்த ரொட்டி, அதன் மேல் மிளகாயும் பூண்டும் சேர்ந்த ரூய் என்ற கூழ், அப்புறம் முழு மீன்களைக் காட்டிவிட்டு உங்கள் முன்னாலேயே முள் எடுத்துத் தருவார்கள். நம் மீன்குழம்பு நாக்குக்குக் காரம் போதாது, புளிப்பு அறவே இல்லை. 20 யூரோவுக்குப் பலகையில் எழுதித் தெருவோரம் விற்றால் அது பூயாபேஸ் இல்லை, மீன் சூப்பு. மீன் சூப்பும் நன்றாகத்தான் இருக்கும், பெயர்தான் பொய்.

சைவக்காரர்கள் என்ன செய்வது?

பானீஸ் இருக்கிறது. கடலை மாவைத் தண்ணீரில் கிளறி, உருளையாக ஆற வைத்து, வட்டமாக அரிந்து எண்ணெயில் பொரிப்பார்கள். லெஸ்தாக் என்ற கடலோரப் பகுதியில் காகிதப் பொட்டலத்தில் சுடச்சுடக் கிடைக்கும், மிளகும் உப்பும் தூவி. பெரிய அடுப்பு உள்ள வண்டியில் சுட்டு விற்கும் பீட்சாவும் இந்த ஊரின் பழைய வழக்கம்தான். ஆரஞ்சுப் பூ வாசனையோடு படகு வடிவத்தில் நாவெத் என்று ஒரு பிஸ்கட் உண்டு, 1781-லிருந்து சென் விக்தோர் மடத்துக்குப் பக்கத்தில் சுடுகிறார்கள். பல் பத்திரம், காபியில் நனைக்காமல் கடிக்க வேண்டாம்.

மிஸ்திரால் காற்று அவ்வளவு மோசமா?

மோசம்தான். ரோன் பள்ளத்தாக்கு வழியாக வடக்கிலிருந்து இறங்கும் வறண்ட குளிர்காற்று, மணிக்கு 100 கிலோமீட்டரைத் தொடும். வானம் கண்ணாடி போல் நீலமாக இருக்கும், வெயில் அடிக்கும், வெளியே கால் வைத்தால் எலும்பு நடுங்கும். கோடையில் அடித்தால் காட்டுத்தீ. 2025 ஜூலை 8-ல் இப்படித்தான் நெருப்பு ஊரின் வடக்குப் பகுதி வீடுகள் வரை வந்து, விமான நிலையத்தையே மூட வேண்டியதாகிவிட்டது.

குன்றின் மேல் இருக்கும் பொன் சிலை?

நோத்ர்தாம் த லா கார்த், 1864-ல் அர்ச்சிக்கப்பட்ட மாதா கோயில். ஊர்க்காரர்களுக்கு அது "நல்ல அம்மா". சிலை 11 மீட்டர் உயரம், தங்கத் தகடு போர்த்தியது. உள்ளே கூரையிலிருந்து குட்டிக் கப்பல் பொம்மைகள் நூலில் தொங்கும், புயலில் தப்பியவர்கள் நேர்ந்துகொண்டு கட்டியவை. வேளாங்கண்ணியில் வெள்ளித் தகட்டில் கை கால் உருவம் வைப்பதைப் பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவைப்படாது. பக்தி இல்லாதவர்களும் சபதம் செய்யும்போது அவள் பேரைத்தான் சொல்வார்கள்.

கால்பந்து பற்றிப் பேசாமல் இருக்க முடியுமா?

முடியாது. ஒலிம்பிக் த மார்சேய் அணி 1993 மே 26-ல் மியூனிக்கில் மிலானை 1-0 என்று வென்று ஐரோப்பியக் கோப்பையைத் தூக்கியது, தலையால் முட்டியவர் பசீல் போலி. எந்தப் பிரெஞ்சு அணியும் அதுவரை செய்யாதது. உடனே உள்ளூர்ப் போட்டி ஒன்றில் காசு கொடுத்த விவகாரம் வெடித்து, பிரெஞ்சுப் பட்டம் பறிபோய், இரண்டாம் பிரிவுக்கும் இறக்கிவிட்டார்கள். கோப்பை மட்டும் தங்கியது. 2025-ல் பாரிஸும் வென்றுவிட்டது, ஆனாலும் "என்றைக்கும் முதல் ஆள் நாங்கதான்" என்ற கோஷத்தை யாரும் ஒன்றும் செய்ய முடியாது. பாரிஸ் சட்டை போட்டுக்கொண்டு அந்த ஊரில் நடக்காதீர்கள், இது நகைச்சுவை இல்லை.

பயமில்லாமல் போகலாமா?

போகலாம். கைப்பையும் போனும் பத்திரம், ரயில் நிலையத்தைச் சுற்றி இரவில் தனியாக அலைய வேண்டாம், எந்தப் பெரிய ஊருக்கும் சொல்வதுதான். போதைப்பொருள் கும்பல் சண்டை உண்மை, 2023-ல் மட்டும் ஏறக்குறைய 50 பேர் செத்தார்கள், ஆனால் அது பெரும்பாலும் வடக்கு அடுக்குமாடிப் பகுதிகளில் விற்பனை இடத்துக்காக நடப்பது. சாகிறவர்களில் பலர் பையன்கள். சுற்றுலாக்காரர்களுக்குப் பயப்படுவதற்குப் பதில் அங்கே குடியிருக்கிறவர்களை நினைத்துக் கவலைப்படலாம்.

என்னைக் கேட்டால் இந்த ஊரின் பெரிய ஆபத்து கட்டடங்கள். 2018 நவம்பர் 5-ல் ஊர் நடுவில், நுவாய் சந்தைக்கு அருகே ஒபாஞ் தெருவில், பாழடைந்த வீடுகள் இடிந்து எட்டுப் பேர் இறந்தார்கள். விரிசல் பற்றி முன்பே புகார்கள் இருந்தன. அதன் பிறகு ஆயிரக்கணக்கானவர்களை வேறு வீடுகளிலிருந்து அவசரமாக வெளியேற்றினார்கள். கடலோரத்தில் புது அருங்காட்சியகங்களும் கண்ணாடிக் கோபுரங்களும் எழுந்த அதே வருடங்களில், பத்து நிமிட நடையில் இருந்த வீடுகள் ஒழுகிக்கொண்டிருந்தன.

எப்போது போகலாம்? நீந்த முடியுமா?

மே, ஜூன், செப்டம்பர். கலான்க் எனப்படும் வெண்பாறைக் கடல் இடுக்குகள் 2012 முதல் தேசியப் பூங்கா. அதில் சுஜித்தோன் என்ற இடத்துக்குக் கோடையில் முன்பதிவு இல்லாமல் போக முடியாது, ஒரு நாளைக்கு 400 பேர்தான், பதிவு இலவசம். தீ அபாய நாட்களில் பாதைகளை மூடிவிடுவார்கள், கிளம்பும் முன் பார்த்துக்கொள்ளுங்கள். நடக்க மனமில்லையென்றால் பழைய துறைமுகத்தின் ஒரு கரையிலிருந்து மறு கரைக்குப் போகும் குட்டிப் படகில் ஏறுங்கள், முந்நூறு மீட்டர் கூட இல்லை, உட்கார்ந்து நிமிர்வதற்குள் இறங்க வேண்டும். 1880-லிருந்து ஓடுகிறது.

தமிழ்க் கடை உண்டா?

பாரிஸின் லா ஷப்பேல் மாதிரி தமிழ்க் கடைகள் நிறைந்த ஒரு தெருவை எதிர்பார்த்துப் போகாதீர்கள். ஆனால் நுவாய் சந்தையில் கொத்தமல்லிக் கட்டு, பச்சை மிளகாய், வெண்டைக்காய், இஞ்சி, மஞ்சள், பருப்பு வகைகள் எல்லாம் அரபுக் கடைகளிலும் ஆசியக் கடைகளிலும் மலிவாகக் கிடைக்கும். கறிவேப்பிலை மட்டும் வீட்டிலிருந்து எடுத்துப் போங்கள்.